ஒரு வாயிலும் இரு காவலரும்

பழந்தமிழ்ப் புலவர் போர்த்துறைகளை வகுத்தபோது, மதிலை வளைப்போர்க்கு உழிஞைப் பூவையும் மதிலைக் காப்போர்க்கு நொச்சிப் பூவையும் உரியனவாக்கினர். முற்றுவோன் வீரத்திற்குக் காப்போன் வீரம் எவ்வாற்றானும் குறைந்ததன்று என்பது அவர் கருத்து. இக்கால விளையாட்டரங்குகளில் நிலைமை வேறு. கோல் போட்டவன் பெயர் நாள்தோறும் நாளிதழில் வரும். கோலைக் காத்தவன் பெயர் பெரும்பாலும் அவன் தவறிய நாளிலேதான் வரும். அத்தகைய காவற்றொழிலைப் பற்றியும், ஒரே வாயிலைக் காப்பதற்கு இரண்டு இளைஞர் போட்டியிட்ட ஒரு வரலாற்றைப் பற்றியும் இம்மலரில் எழுத விழைகின்றேன்.

தமிழாசிரியனுக்கும் பனித்தரை ஹொக்கிக்கும் என்ன தொடர்பு என்று அன்பர்கள் வினவலாம். கனடா நாட்டிலே மொன்றியல் நகரில் வாழும் எம் பழைய மாணவர் ஒருவர் சென்ற ஆண்டு விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தார். அவர் இக்கல்லூரியின் உதைபந்தாட்ட அணியில் இரண்டாவது கோல் காப்பாளராக இருந்தவர். தம் கடைசி ஆண்டு முழுவதையும் பக்கத்து வாங்கிலிருந்தே கழித்தவர். அப்போது அவ்வணிக்குப் பொறுப்பாசிரியனாக இருந்தவன் யான். ஒரு மாலைப்பொழுது மைதானத்தின் ஓரத்தில் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தபோது, தம் நகரத்து அணியில் நிகழ்ந்த இக்கதையை அவர் முற்ற முடியக் கூறி, இறுதியில், “சேர், நீங்கள் என்றால் இருவரில் யாரை வைத்திருப்பீர்கள்?” என்று கேட்டார். அவ்வினா என் நெஞ்சை விட்டு நீங்கவில்லை. ஆகவே அவ்விளையாட்டைப் பற்றி நூல்களிலும் செய்தித்தாள்களிலும் தேடிப் படித்தேன். அங்ஙனம் அறிந்தவற்றை முறையாகச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஹொக்கி என்றதும் எமக்குப் புற்றரையில் ஆடும் விளையாட்டே நினைவுக்கு வரும். கனடியர் ஆடுவது உறைந்த பனிக்கட்டியின் மேல். ஆடுகளம் 200 அடி நீளமும் 85 அடி அகலமும் உடையது. அணிக்கு ஒரு காப்பாளரும் ஐந்து ஆட்டக்காரருமாக அறுவர் ஒரே நேரத்தில் களத்தில் நிற்பர். பந்துக்குப் பதிலாக இறப்பராலான வட்டு ஒன்று உண்டு. அதன் குறுக்களவு 3 அங்குலம், தடிப்பு 1 அங்குலம். அது துள்ளாமல் வழுக்கிச் செல்லும்பொருட்டு ஆட்டத்திற்கு முன்னரே உறையவைக்கப்படும். காக்கவேண்டிய வாயில் 6 அடி அகலமும் 4 அடி உயரமும் கொண்டது. வலிமை மிக்க ஆட்டக்காரர் அடிக்கும் வட்டு மணிக்கு 160 கிலோமீற்றர் வேகத்தையும் கடக்கும். அவ்வேகத்தில் 60 அடி தொலைவிலிருந்து வரும் வட்டு அரை விநாடிக்கும் குறைந்த நேரத்தில் வாயிலை அடைந்துவிடும். கண்டபின் தடுப்போம் என்றிருப்பவனால் அதனைத் தடுத்தல் இயலாது.

ஆதலின் காப்பாளன் கண்ணை மாத்திரம் நம்புவதில்லை, இடத்தை நம்புகின்றான். விளக்கின் முன்னே ஒரு கையைப் பிடித்தால், கை விளக்கை நெருங்க நெருங்கச் சுவரில் விழும் நிழல் பெரிதாவதைக் காண்கின்றோம் அல்லவா? அவ்வாறே காப்பாளன் வாயிலை விட்டுச் சில அடி முன்னே வந்து நிற்பானாயின், அடிப்பவன் கண்ணுக்கு வாயிலின் பெரும்பகுதி மறைந்துபோகும். மிக முன்னே வந்துவிட்டாலோ, பக்கத்தில் நிற்கும் மற்றொருவனுக்கு வட்டு கைமாறியவுடன் வாயில் திறந்து கிடக்கும். எத்தனை அடி முன்வருவது, எப்போது பின்வாங்குவது என்பதே இத்தொழிலின் நுட்பம். தாழ்வாக வரும் வட்டைத் தடுக்க முழந்தாளிட்டு இரு கால்களையும் வண்ணத்துப்பூச்சியின் சிறகுபோல் விரிக்கும் முறை இன்று பெரும்பாலாரால் கைக்கொள்ளப்படுகின்றது. தடுத்த வட்டு மீண்டும் பகைவன் தடிக்கே சென்று சேராமற் பார்த்துக்கொள்வதும் காப்பாளன் கடனே.

காப்பாளரின் திறமையை விழுக்காட்டால் அளப்பர். வாயிலை நோக்கி வந்த அடிகள் நூற்றில் எத்தனையை அவர் தடுத்தார் என்பது கணக்கு. ஒருவர் 92.4 விழுக்காடும் மற்றவர் 91.2 விழுக்காடும் தடுத்தனர் என்றால் வேறுபாடு மிகச் சிறிதாகத் தோன்றும். ஆயின் ஓர் ஆட்டத்தில் முப்பது அடிகள் வருவனவாகவும், பருவம் ஒன்றில் 82 ஆட்டங்கள் உள்ளனவாகவும் கொண்டு பெருக்கிப் பாருங்கள். அவ்வேறுபாடு ஏறக்குறைய முப்பது கோல்களாகும். முப்பது கோல்கள் ஓர் அணியை உயர்த்தவும் வீழ்த்தவும் போதியன.

இனி, இவ்விடத்திற்குரிய போட்டி ஏனைய இடங்களுக்குரிய போட்டியினும் ஏன் கொடியது என்பதைக் காண்போம். களத்தில் ஓடும் ஆட்டக்காரர் ஏறத்தாழ ஒரு நிமிடத்திற்கு ஒரு முறை மாறிக்கொண்டேயிருப்பர். ஆட்டத்திற்குப் பதினெண்மர் ஆயத்தமாக இருப்பதால், இன்று நான்காம் வரிசையில் இருப்பவனும் சில நிமிடங்களாவது ஆடுவான். தன் திறமையைக் காட்டுவான். நாளை மூன்றாம் வரிசைக்கு உயர்வான். காப்பாளருக்கு அத்தகைய படிகள் இல்லை. ஆட்டத்தின் 60 நிமிடமும் ஒருவரே நிற்பார். மற்றவர் முழு உடையும் அணிந்து, கவசமும் பூண்டு, வாங்கின் ஓரத்தில் அமர்ந்திருப்பார். ஒருவர் நிற்கும்போது மற்றவர் நிற்றல் இயலாது. இருவரும் ஒரே அணியினர், ஒன்றாகவே பயில்வர், ஒன்றாகவே பயணம் செய்வர். ஆயினும் ஒருவரின் வாய்ப்பு மற்றவரின் தவற்றிலேயே பிறக்கின்றது. ‘என் அணி வெல்க’ என்று மனமார வேண்டும் ஒருவன், தன் இடத்தில் நிற்பவன் நன்றாக ஆடவேண்டும் என்றும் சேர்த்து வேண்டவேண்டியவனாகின்றான். இதனினும் கடிய மனப்பயிற்சி விளையாட்டில் வேறுண்டோ என ஐயுறுகின்றேன்.

முற்காலத்தில் இச்சிக்கல் இல்லை. 1960களின் நடுப்பகுதி வரையில் தேசிய ஹொக்கி லீக் அணிகள் ஆட்டத்திற்கு ஒரே ஒரு காப்பாளரை உடையணிவித்து இறக்குவதே வழக்கம். 1959 நவம்பர் 1ஆம் நாள் நியூயோர்க் நகரில் நடந்த ஆட்டத்தில் மொன்றியல் காப்பாளர் ஜாக் பிளான்ற் முகத்தில் வட்டுப் பட்டுக் குருதி பெருகியது. அவர் உள்ளே சென்று தையலிட்டுக்கொண்டு திரும்பும் வரை ஆட்டம் காத்திருந்தது. திரும்பியவர் முகமூடி அணிந்தே வந்தார். காப்பாளர் முகமூடி அணியும் வழக்கம் அன்று முதற் பரவலாயிற்று. அதன்பின் சில ஆண்டுகளில் அணி ஒவ்வொன்றும் இரண்டு காப்பாளரை ஆயத்தமாக வைத்திருத்தல் வேண்டும் என்ற விதி வந்தது. விதி ஆபத்துக்கு உதவ வந்தது. அதனோடு போட்டியும் வந்தது.

யாம் கூறவந்த இருவரும் அதே மொன்றியல் கனேடியன்ஸ் கழகத்தினர். 1909 டிசம்பர் 4ஆம் நாள் தோன்றிய அக்கழகம், அத்துறையின் மிகப் பெரிய பரிசாகிய ஸ்ரான்லி கிண்ணத்தை 24 முறை வென்றது. சிறந்த காப்பாளருக்கு அளிக்கப்படும் வெசினா விருது, அக்கழகத்தின் வாயிலைக் காத்து 1926இல் காசநோயால் மறைந்த ஜோர்ஜ் வெசினாவின் பெயரையே தாங்குகின்றது. பிளான்ற், கென் டிரைடன், பற்றிக் றுவா முதலியோர் அவ்வாயிலில் நின்று புகழ் பெற்றவர்கள். 1993இன் பின் கிண்ணம் அந்நகருக்கு வரவில்லை. ஆகவே அவ்வாயிலில் புதிதாக நிற்கும் எவரையும் முன்னோர் புகழோடும், மக்களின் பல்லாண்டு ஏக்கத்தோடும் ஒப்பிட்டே அந்நகரத்தார் நோக்குவர்.

இருவரில் மூத்தவர் யாரொஸ்லாவ் ஹலாக். 1985இல் ஸ்லோவாக்கியாவின் தலைநகராகிய பிராற்றிஸ்லாவாவிற் பிறந்தவர். ஆண்டுதோறும் கழகங்கள் முறைவைத்து இளைஞரைத் தெரிவு செய்யும் வழக்கம் அங்குண்டு. 2003இல் தெரிவான 292 இளைஞருள் ஹலாக் 271ஆவது. அதாவது, பந்தியில் இலை எடுக்கும் நேரத்தில் அழைக்கப்பட்டவர் எனலாம். உயரமும் இக்காலக் காப்பாளருள் குறைவானதே. வட அமெரிக்கா சென்று, கீழ்நிலை அணிகளில் ஒவ்வொரு படியாக ஏறி, 2007இன் தொடக்கத்தில் மொன்றியல் வாயிலை எட்டிப் பார்த்தார்.

இளையவர் கேரி பிரைஸ். 1987இற் பிறந்தவர். கனடாவின் மேற்கே பிரித்தானிய கொலம்பியா மாகாணத்தில் அனாஹிம் லேக் என்னும் சிற்றூரில் வளர்ந்தவர். அவருடைய அன்னையார் உல்கட்சோ என்னும் ஆதிக்குடியினரின் தலைவராக விளங்கியவர். தந்தையாரும் காப்பாளராக விளங்கி, 1978இல் பிலடெல்பியாக் கழகத்தாற் தெரிவு செய்யப்பட்டவர். அவ்வூரில் முறையான அணி இல்லாமையால், 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தொலைவிலுள்ள வில்லியம்ஸ் லேக் நகருக்கு மகனைத் தந்தையார் ஒரு சிறு விமானத்தில் தாமே ஓட்டிச் சென்று பயிற்சிக்கு விட்டார். 2005ஆம் ஆண்டுத் தெரிவில் மொன்றியல் பிரைசை ஐந்தாவதாக அழைத்தது. அப்போது அக்கழகத்தில் ஜொசே தியோடோர் என்னும் புகழ்பெற்ற காப்பாளர் இருந்தமையால் பலரும் வியந்தனர். ஆயினும் 2007 சனவரியில் இளையோர் உலகப் போட்டியில் கனடா தங்கம் வெல்லப் பிரைசே தலையாய வீரராக நின்றார். அவ்வாண்டு யூன் மாதத்தில், மொன்றியலின் துணை அணியாகிய ஹமில்ரன் அணிக்குத் தமது 19ஆம் வயதிற் கிண்ணம் பெற்றுக் கொடுத்தார்.

ஆகவே ஒருவர் கையில் செய்து காட்டிய உழைப்பு இருந்தது. மற்றவர் கையில் செய்வார் என்னும் நம்பிக்கை இருந்தது. 2008 பெப்ரவரியில் அதுவரை முதற் காப்பாளராக இருந்த கிறிஸ்ரோபல் ஹுவேயை வாஷிங்ரன் கழகத்திற்கு அனுப்பிவிட்டு, இருபது வயதுப் பிரைசின் கையில் மொன்றியல் தன் வாயிலை ஒப்படைத்தது. மிகை நம்பிக்கை சில வேளை மிகைச் சுமையாகும். 2009 ஏப்ரலில் பொஸ்ரன் அணியோடு ஆடிய நான்கு ஆட்டங்களிலும் மொன்றியல் தோற்று வெளியேறியது. இறுதி ஆட்டத்தில் பிரைஸ் எளியதொரு வட்டைத் தடுத்தபோது சொந்த நகரத்து மக்களே ஏளனமாக ஆரவாரம் செய்தனர். அவரும் இரு கைகளையும் உயர்த்தி அவ்வேளனத்தை ஏற்பது போல நின்றார். அப்போது அவர் வயது 21.

2009 – 2010 பருவமே இக்கதையின் நடு. கழகத்தின் நூற்றாண்டு நிறைவு நாளாகிய 2009 டிசம்பர் 4இல் பொஸ்ரன் அணியோடு விழா ஆட்டம் நடந்தது. வாயிலில் நின்றவர் பிரைஸ். மொன்றியல் 5–1 என வென்றது. விழா நாளின் வெற்றி அவருக்கு உரியதாயினும், பருவத்தின் வெற்றி ஹலாக்கைச் சேர்ந்தது. ஹலாக் 26 ஆட்டங்களில் வென்றார். பிரைசோ 13இல் மாத்திரமே வென்றார். மேலே விழுக்காட்டுக்கு எடுத்துக்காட்டாக யான் கூறிய 92.4, 91.2 என்னும் எண்கள் முறையே அவ்விருவரும் அப்பருவத்திற் பெற்றவையே. பெப்ரவரியில் வன்கூவரில் நடந்த ஒலிம்பிக் போட்டியில் ஹலாக் காத்த ஸ்லோவாக்கியா, ரஷ்யாவையும் சுவீடனையும் வென்று நான்காம் இடம் பெற்றது. இதற்கிடையே, ஹலாக்கின் ஒப்பந்த முகவர் பிரைசின் தோல்விக் கணக்கைச் சுட்டி இணையத்தில் எழுதிய சொற்கள் பெருஞ் சலசலப்பை விளைத்தன. போட்டியிடுவோர் இருவராயினும், அதனை ஊதி வளர்ப்போர் எப்போதும் மூன்றாமவரே என்பது இதனாற் புலப்படும்.

ஏப்ரலில் கிண்ணத்திற்கான சுற்றுத் தொடங்கியது. ஏழு ஆட்டங்களில் நான்கை முதலில் வெல்பவர் முன்செல்வர். மொன்றியல் 88 புள்ளிகளோடு எட்டாம் இடத்திலிருந்து நுழைந்தது. எதிரே நின்ற வாஷிங்ரன் 121 புள்ளிகளோடு லீக்கின் முதலிடம் பெற்ற அணி. முதல் ஆட்டத்தில் மொன்றியல் வென்றது. இரண்டாம் ஆட்டத்தில் தோற்றது. மூன்றாம் ஆட்டத்தில் ஹலாக் நடுவிலேயே வெளியே அழைக்கப்பட்டார், அதிலும் தோல்வி. நான்காம் ஆட்டத்தில் பயிற்றுநர் ஜாக் மார்ற்றின் பிரைசை நிறுத்தினார், மீண்டும் தோல்வி. இனி ஓர் ஆட்டம் தோற்றாலும் வீடு திரும்பவேண்டியதுதான்.

ஐந்தாம் ஆட்டத்தில் ஹலாக்கே மீண்டும் நின்றார். இரண்டு நாள்களுக்கு முன் வாங்கில் அமர்ந்திருந்தவர் அன்று 37 அடிகளைத் தடுத்தார். மொன்றியல் 2–1 என வென்றது. ஆறாம் ஆட்டத்தில் வந்த 54 அடிகளில் 53ஐத் தடுத்தார், வெற்றி 4–1. ஏழாம் ஆட்டத்தில் 41 அடிகளைத் தடுத்தார், வெற்றி 2–1. மூன்று ஆட்டங்களிலும் வந்த அடிகள் 134, தடுத்தவை 131, விட்டவை மூன்றே மூன்று. முற்றிய படை பெரிது. ஆயினும் மதில் விழவில்லை. அடுத்து, முந்திய ஆண்டு கிண்ணம் வென்ற பிற்ஸ்பேர்க் அணியையும் ஏழு ஆட்டங்களில் மொன்றியல் வீழ்த்தியது. பின்னரே பிலடெல்பியாவிடம் தோற்று நின்றது. மொன்றியல் நகரத்து வீதிகளில் ஹலாக்கின் பெயரே முழங்கியது.

அவ்வாறு முழங்கிய குரல் அடங்குமுன்னரே, 2010 யூன் 17ஆம் நாள் செய்தி வந்தது. கழகம் ஹலாக்கைச் சென் லூயிஸ் அணிக்குக் கொடுத்து, லார்ஸ் எல்லர், இயன் ஷுல்ற்ஸ் என்னும் இரண்டு இளம் ஆட்டக்காரரைப் பெற்றுக்கொண்டது. வென்றவர் போனார், தோற்றவர் இருந்தார். நகரம் திகைத்தது.

இத்தெரிவு நன்றி மறந்த செயலா, அன்றி முன்னோக்கிய செயலா? பொது முகாமையாளர் பியர் கோத்தியேயின் நிலையில் நின்று பார்ப்போம். இருவரின் ஒப்பந்தமும் ஒரே கோடையில் முடிந்தது. லீக்கின் விதிப்படி அடுத்த பருவத்தில் கழகம் ஒன்று தன் வீரர் அனைவருக்குமாகக் கொடுக்கக்கூடிய ஊதியத்தின் எல்லை 59.4 மில்லியன் டொலர். வாயில் ஒன்றுக்கு இரண்டு முதற் காப்பாளர் ஊதியம் கொடுத்தால் களத்தில் ஓடுவோருக்குக் குறையும். ஹலாக் 25 வயதினர். பிரைஸ் 22 வயதினர். ஹலாக்கின் மதிப்பு அதற்குமேல் உயரும் என்று எதிர்பார்த்தற்கில்லாத உச்சியில் இருந்தது. பிரைசின் மதிப்போ தாழ்ந்திருந்தது. விற்பவன் உச்சியில் விற்பான். இவையெல்லாம் வணிகனின் கணக்குகள். ஆசிரியர்க்குரிய கணக்கொன்றும் இதில் உண்டு. மாணவன் இன்று எழுதிய விடைத்தாளுக்குப் புள்ளியிடுவது ஒன்று. அவன் நாளை எத்தகையோன் ஆவான் என்று மதிப்பது மற்றொன்று. கழகம் விடைத்தாளை நோக்கவில்லை, மாணவனை நோக்கியது.

இங்கே ஒன்றை ஊன்றி நோக்கவேண்டும். ஹலாக் அவ்விடத்திற்கு உரிய விலையை முன்னரே கொடுத்திருந்தார். பிரைஸ் கொடுத்திருக்கவில்லை. ஆகவே பிரைசுக்குக் கிடைத்த இடம் பரிசன்று, கடன். தகுதியான ஒருவர் வெளியேற, அவர் விட்ட இடத்தில் நிற்பவன் ஒவ்வொரு நாளும் அதற்கு வட்டி கட்டியாகவேண்டும். அவ்வாண்டு செப்ரெம்பரில் நடந்த முன்னோட்ட ஆட்டமொன்றிலேயே மக்கள் பிரைசை நோக்கிக் கூக்குரலிட்டனர். அவர் சினவாது, எல்லோரும் சற்று அமைதி கொள்ளுங்கள் என்ற பொருள்படச் செய்தியாளரிடம் கூறினார். ஓராண்டுக்கு முன் கைகளை உயர்த்தி ஏளனத்திற்கு ஏளனம் காட்டிய இளைஞர் இவரே என்பதை நினைந்தால், இடைப்பட்ட காலத்தில் வாங்கிலிருந்து அவர் கற்ற பாடம் இன்னதென்பது விளங்கும். அப்பருவத்தில் 72 ஆட்டங்களில் நின்று 38இல் வென்றார்.

கடன் முற்றும் தீர ஐந்தாண்டு சென்றது. 2014இல் சோச்சி ஒலிம்பிக்கில் பிரைஸ் ஐந்து ஆட்டங்களில் நின்று மூன்று கோல்களே விட்டார். கனடா தங்கம் வென்றது. 2014 – 2015 பருவத்தில் 44 ஆட்டங்களில் வென்று கழகத்தின் சாதனையை நிலைநாட்டினார். வெசினா விருதோடு, லீக்கின் தலைசிறந்த வீரருக்குரிய ஹார்ட் விருதையும் பெற்றார். 2019 மார்ச்சில் பிளான்ற்றின் 314 வெற்றிகளைக் கடந்து, அக்கழகத்தின் காப்பாளருள் முதலிடம் எய்தினார். 2021இல் அணியைக் கிண்ணத்தின் இறுதிச் சுற்று வரை கொண்டுசென்றார். கிண்ணம் மாத்திரம் கிட்டவில்லை. முழங்காற் காயம் அவரை வீழ்த்தியது. அவ்வாண்டு தமக்கு உதவி தேவை என்பதை வெளிப்படையாக ஒப்பி, லீக்கின் உதவித் திட்டத்தை நாடிச் சிகிச்சை பெற்றார். 2022 ஏப்ரல் 29இல் 361ஆவது வெற்றியோடு அவருடைய கடைசி ஆட்டம் முடிந்தது.

ஹலாக் என்னவானார்? கதை கேட்போர் பெரும்பாலும் இவ்விடத்தில் கேட்பதை நிறுத்திவிடுவர். அவர் சோர்ந்து மறைந்துவிடவில்லை. சென் லூயிஸ், நியூயோர்க் ஐலண்டர்ஸ், பொஸ்ரன் முதலிய பல கழகங்களில் 2023 வரை ஆடினார். 2014 – 2015 பருவத்தில், அதாவது பிரைஸ் முடிசூடிய அதே பருவத்தில், ஐலண்டர்ஸ் அணிக்காக 38 ஆட்டங்களில் வென்று அக்கழகத்தின் சாதனையை நிலைநாட்டினார். தம் வாழ்நாளில் 300க்குச் சற்றுக் குறைவான வெற்றிகள் பெற்றார். 271ஆவதாக அழைக்கப்பட்டவருக்கு இது சிறிதன்று.

இன்னொரு செய்தி என்னை மிகவும் கவர்ந்தது. 1982 முதல் ஜெனிங்ஸ் விருது என ஒன்று வழங்கப்படுகின்றது. பருவத்தில் மிகக் குறைந்த கோல்கள் விட்ட அணியின் காப்பாளருக்கு அது உரியது. இருவர் பகிர்ந்து காத்திருந்தால் இருவர்க்கும் உரியது. 2012இல் பிறயன் எலியற்றுடனும், 2020இல் துக்கா றாஸ்குடனும் பகிர்ந்து ஹலாக் அதனை இருமுறை பெற்றார். ஒரு வாயிலை ஒருவரோடு பகிர முடியாமற்போனமையால் அனுப்பப்பட்டவர், பகிர்ந்து காத்தமைக்கே இருமுறை பரிசு பெற்றார். போட்டியில் வாழ்ந்தவன் துணையாக வாழவும் வல்லன் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

இருவரும் மீண்டும் ஒரு முறை எதிரெதிர் வாயில்களில் நின்று பெருங்கிண்ணத்திற்காகப் பொருதனர். 2016 செப்ரெம்பரில் ரொறன்ரோ நகரில் நடந்த உலகக் கிண்ண இறுதிப் போட்டியில், கனடாவின் வாயிலில் பிரைசும், ஐரோப்பிய நாடுகள் பலவற்றின் வீரர் சேர்ந்த அணியின் வாயிலில் ஹலாக்கும் நின்றனர். கனடா 3–1 எனவும் 2–1 எனவும் இரண்டு ஆட்டங்களிலும் வென்றது. வாங்கில் ஒருவர், வாயிலில் ஒருவர் என்று இருந்த இளைஞர் இருவருக்கும் ஆறாண்டுக்குப் பின் ஆளுக்கொரு வாயில் கிடைத்தமை மனத்திற்கு நிறைவு தருகின்றது.

இவ்வரலாற்றால் மாணவர் அறியத்தக்கது யாது? இடம் ஒன்றாக இருக்கும்போது அதனை இழப்பவன் தகுதியை இழந்தவனாகான். வாங்கில் இருக்கும் நாளும் பயிற்சி நாளே. நான்காம் ஆட்டத்தில் வாங்கிலிருந்த ஹலாக் மனம் உடைந்திருப்பாராயின், ஐந்தாம் ஆட்டம் என்று ஒன்றே அவருக்கு இருந்திராது. இடம் பெற்றவன் அறியத்தக்கதும் ஒன்றுண்டு. அவ்விடத்தில் நிற்பதற்கு வேறொருவனும் தகுதியுடையவனாக இருந்தான் என்பதை மறவாதிருப்பானாயின் அவன் ஒருநாளும் சோம்பான்.

தெரிவு செய்யும் எம்மனோர் அறியத்தக்கதும் ஒன்று உண்டு. அதனைச் சொல்லுதற்குச் சிறிது நாணமாக இருக்கின்றது. அம்மாலைப்பொழுதில் என்னிடம் வினவிய அப்பழைய மாணவர், தம் கடைசி ஆண்டில், எம் அணியிலிருந்த இரு காப்பாளருள் அன்றைக்குச் சிறந்தவர். யான் நிறுத்தியதோ அவரினும் இரண்டு வகுப்புக் குறைந்த மற்றொரு மாணவனை. உயரமானவன், கை நீண்டவன், இன்னும் மூன்றாண்டு கல்லூரியில் இருப்பான், வளர்வான் என்பது என் கணக்கு. அடுத்த ஆண்டே அவனுடைய தந்தையாருக்கு இடமாற்றம் வந்தது. பையன் வேறு கல்லூரிக்குப் போய்விட்டான். மொன்றியல் கழகத்தின் கணக்குப் பலித்தது. என் கணக்குப் பலிக்கவில்லை. பலித்தலும் பலியாமையும் எம் கையில் இல்லை. ஆகவே அது பற்றி யான் வருந்தவில்லை. வருந்துவது வேறொன்றுக்கு. ஆசிரியப் பயிற்சி முடித்து வந்த புதிதிலே, தெரிவு செய்வது மாத்திரமே என் கடமை என்று எண்ணியிருந்தேன். ஏன் அவரைத் தெரிவு செய்யவில்லை என்பதை அம்மாணவரிடம் ஒரு நாளும் யான் சொல்லவில்லை. அவர் தம்மிடம் ஏதோ குறையுண்டு என்று எண்ணியே கல்லூரியை விட்டுச் சென்றிருக்கின்றார்.

“யாரை வைத்திருப்பீர்கள்?” என்ற வினாவிற்கு யான் நேர்விடை கூறவில்லை. இருபது ஆண்டுகளுக்கு முன்னர்ச் சொல்லியிருக்கவேண்டியதை அன்று மைதானத்து ஓரத்தில் வைத்துச் சொன்னேன்: “தம்பி, அந்த வருடம் நல்லாய் விளையாடினது நீர்தான்.” அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர்ச் சிரித்து, “அப்ப நான் ஹலாக் எண்டு சொல்லுங்கோ, சேர்” என்றார்.

மைதானத்தில் இக்கால மாணவர் ஆடிக்கொண்டிருந்தனர். ஒரு வாயிலில் ஒருவன் நின்றான். எல்லைக்கோட்டுக்கு அப்பால் மற்றொருவன், கையுறை அணிந்தபடி, அழைப்புக்காகக் காத்திருந்தான். அவனிடமும் ஒருவர் இரண்டு சொற் பேசவேண்டும் என்று எண்ணிக்கொண்டு எழுந்தேன்.